மலையடிவாரத்து ஊர்கள்: சீயமங்கலம்

செஞ்சிக்கு வருகிறவர்களுடைய கண்ணையும் காலத்தையும் கோட்டை எழுந்த இராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகளே முழுவதும் கவர்ந்துகொண்டுவிடுவதால், அங்கிருந்து வடக்கே தேசூர்ப் பக்கம் போனால் அந்தக் கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட சிற்றூர் ஒன்று இருக்கிறது என்பதை அறியாமலே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அவ்வூர்தான் சீயமங்கலம்.

மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் சமைத்தவன், விசித்திரசித்தன் என்று விருதுப்பெயர் பூண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். அதே மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சீயமங்கலத்துப் பாறையையும் குடைந்து சிவபிரானுக்கு ஆலயமாக்கினான். லலிதாங்குரன் என்று தன்னைக் குறித்து, தன் விருதுப் பெயர்களில் மற்றொன்றால் கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேச்வரம் என்று நாமம் சூட்டி, அச்செய்தியை சம்ஸ்கிருதத்தில் கிரந்த எழுத்தால் பொறித்தும் வைத்தான். இறைவனுக்கு இன்று வழங்கும் திருநாமம் ஸ்தம்பேசுவரர், தமிழில் தூணாண்டார்.

குடைவரையின் அரைத்தூண் ஒன்றின் மேற்பகுதியை நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். நாற்கரங்களுடன் ஒரு காலைத் தூக்கி ஆடுகிறார் சிவபெருமான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் நாம் கண்டு பழகிய முயலகன் பாதத்தின் கீழ் இல்லை. அருகே படமெடுத்த நாகம் இருக்கிறது. உயிர் பெற்றாற்போல் நிற்கும் இச்சிற்பம், தமிழகத்துக் கல்லில் நமக்குக் கிடைத்துள்ள ஆடவல்லான் உருவங்களில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் உலகமே வியந்து போற்றிய ஓர் உருவத்தின் ஆரம்ப நிலையை இவ்வளவு சிறிய ஊர் காத்துத் தந்திருப்பது எனக்குப் பேராச்சரியமாகவே இருக்கிறது.

ஊரின் கதை சைவத்தோடு முடிந்துவிடவில்லை. சமணனாயிருந்த மகேந்திரன் அப்பரடிகளால் சைவம் சார்ந்தான் என்பது பெரியபுராண மரபு; ஆனால் அவனுக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 892-93இல், கங்க மன்னன் இராஜமல்லன் காலத்தில், இவ்வூர்க் குன்றில் அருகதேவனுக்கு ஆலயம் அமைந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் ஆகியோருடைய உருவங்கள் அங்கே பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. திராவிட சங்கம் என்ற சமணத் துறவியர் அமைப்பில் அருங்கலான்வயம் என்னும் பிரிவைச் சேர்ந்த துறவிகளும் இவ்வூரோடு தொடர்பு கொண்டிருந்தனர். இரு சமயங்களும் ஒன்றையொன்று வேரறுக்கவே முயன்றன என்று எழுதுகிறவர்கள், ஒன்றின் எழுத்தை மற்றொன்று சிதைக்காமல் விட்டிருக்கும் இந்தப் பாறைகளையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். இப்பகுதியில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. செஞ்சிக்கருகே மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் விளங்குகிறது.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கொண்டதும், 1698இல் மொகலாயர் அதைப் பிடித்ததும், 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்ததும் ஏறக்குறைய இவ்வூரின் கண்ணெதிரே நிகழ்ந்தவைதாம். பாடப்புத்தகங்கள் அவற்றை மட்டுமே நினைவில் வைத்தன.

செஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் பயணத்தில் அரைநாளைச் சீயமங்கலத்துக்கென ஒதுக்கவேண்டும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குன்றின் மீதேறும்போது, அங்குள்ள பாறைகளில் ஒருவர் பெயரையும் கிறுக்கவிடாதீர்கள்.