பசியாறும் நேரத்துக்கு எந்தக் கத்தி?

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குக் கத்தி புதிதல்ல. நெகிரி செம்பிலானின் லிங்கி, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தியும் செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளும் தலைமுறைகளுக்குச் சோறு போட்ட கருவிகள். ஆனால் அந்தச் சோற்றோடு ஒரு வெங்காயத்தையோ வெள்ளரிக்காயையோ நறுக்க எந்தக் கத்தியை எடுத்துச் செல்வது? சின்னக் கேள்விதான். தவறாகத் தேர்ந்தெடுத்தால் விரலும் போகும், வயிறும் கெடும், சில வேளை வழக்கும் வந்து சேரும்.

பால்மரத் தொழிலாளர்கள் விடியும் முன்பே நிரைக்குப் போய்விடுவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். மரங்களைச் சீவி முடித்து, மங்கில் பால் வடியும் வரை காத்திருக்கும் இடைவெளியே அவர்கள் பசியாறும் நேரம். கையில் இருக்கும் கத்தியாலேயே பழத்தை வெட்டினால் என்ன என்று கேட்கலாம். கூடாது. அதன் முனை மடங்கிப் பள்ளமாக இருக்கும். மரப்பட்டையை மெல்லிய சீவலாக இழுத்து எடுப்பதற்கென்றே அமைந்தது அது. பழத்தில் நேராக இறங்காது, வழுக்கும். ரப்பர் பாலும் பட்டைத் தூளும் அதில் ஒட்டியிருக்கும். தொழிலுக்கு ஒரு கத்தி, உணவுக்கு ஒரு கத்தி என்பதே முதல் விதி.

அடுத்து அளவு. 7 முதல் 9 சென்டிமீட்டர் அலகு இருந்தால் மாம்பழம், கொய்யா, வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றுக்கும் போதும். நம் நாட்டு ஈரக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. சாதாரண எஃகு கூர்மையாக இருக்கும், தீட்டுவதும் சுலபம்; ஆனால் எலுமிச்சை, மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துரு ஏறும்.

மடக்குக் கத்தியா, உறை போட்ட கத்தியா? மடக்குக் கத்தி வாங்குவோர் பூட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். பூட்டில்லாதது அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டிவிடலாம். 1890இல் பிரான்சில் தோன்றிய ஒப்பினெல் கத்திக்குக்கூட 1955இல்தான் அலகைப் பிடித்து நிறுத்தும் வளையம் வந்தது. ஆனாலும் மடிப்பு இடுக்கில் உணவுத் துணுக்கு சிக்கி அழுகும். அதனால் உறையோடு கூடிய சாதாரணப் பழக்கத்தியே மேல். மடிப்பு இல்லை, கழுவுவதும் எளிது. பச்சை மீனையோ கோழியையோ தொட்ட கத்தி, சோப்புப் போட்டுக் கழுவாமல் பழத்தின் பக்கம் வரவே கூடாது.

இனி, பலர் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று. மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தக்க அதிகாரமோ சட்டப்பூர்வ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 5 முதல் 10 ஆண்டுச் சிறை, பிரம்படியும் உண்டு. ஆளைக் காயப்படுத்தக் கூடிய கருவி எதுவும் ஆயுதமாகலாம் என்பதால், சின்னக் கத்திதானே என்ற சமாதானம் எடுபடாது.

ஆகவே நோக்கம் பார்த்தவுடன் தெரிய வேண்டும். சோற்றுப் பாத்திரம், பழம், சிறு பலகை இவற்றோடு உறையிட்டு ஒரே பையில் கத்தி இருக்கட்டும். வீடு திரும்பியதும் அது அடுப்படிக்குப் போய்விட வேண்டும். கால்சட்டைப் பையிலோ மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ மாதக்கணக்கில் கிடக்கும் கத்தி, சாலைத் தடுப்புச் சோதனையில் அகப்பட்டால் பழம் வெட்டத்தான் என்று சொல்லி நம்ப வைப்பது கடினம். குறிப்பாக, பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளை இளைஞர்கள் விளையாட்டுக்குக்கூட வாங்கக் கூடாது.

அழகான கத்தி என்று எதுவும் தேவையில்லை. நன்றாக வெட்டவும் எளிதாகக் கழுவவும் முடிந்து, யார் கேட்டாலும் தயங்காமல் எடுத்துக் காட்டக்கூடியதாக இருந்தால் அதுவே நல்ல கத்தி.