நெற்றியில் ஒரு கோடு

கீழே விழுந்து அடிபட்ட ஒருவருக்குத் தலையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நெற்றி நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு! "ஐயோ, மண்டை உடைஞ்சு போச்சா?" என்று வீட்டார் பதறுகிறார்கள். பொறுங்க நண்பர்களே! அது முறிவாக இல்லாமலும் இருக்கலாம்.

மண்டையோட்டில் முக எலும்புகளையும் சேர்த்து 22 எலும்புகள். அதில் நெற்றி எலும்பு ஒன்றுதான். ஆனால் பிறக்கும்போது அது இரண்டு துண்டு! நடுவில் இருப்பது 'மெட்டோபிக்' தையல் மூட்டு. மூளை வளர இடம் கொடுப்பது இதுபோன்ற மூட்டுகள்தான். பெரும்பாலும் 2 வயதுக்குள் இது மூடிவிடும். சிலருக்கு மட்டும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். அது நோய் அல்ல, வலியும் கிடையாது.

சரி, டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தையல் மூட்டு சரியாக நடுவில் வரும். ஓரம் ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும். முறிவு கூர்மையான கறுப்புக் கோடாகத் தெரியும். எந்தப் பக்கமும் ஓடும். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன்.

மூட்டை முறிவு என்று நினைத்தால் வீண் பயம், வீண் செலவு. முறிவை மூட்டு என்று விட்டுவிட்டாலோ உயிருக்கே ஆபத்தாகலாம்!

பாடப் புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு மண்டையோடு. நிஜத்தில் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தலையில் அடிபட்டால் "ஒண்ணும் இல்லடா" என்று நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவோம்!