இருவர் வீசட்டும், பிறகு மழை பெய்யட்டும்

மழை வந்து ஆட்டம் நின்றுபோனால், டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பேஸ்பால் ரசிகர்கள் மழை வராதா என்று ஏங்கினார்கள். அவர்களுடைய அணி பாஸ்டன் பிரேவ்ஸ். உச்சநிலை பேஸ்பாலான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் பட்டத்தை 1914க்குப் பிறகு ஒருமுறைகூடத் தொடாத அணி அது. அந்த ஆண்டு பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. அப்படியிருந்தும் மழையைக் கூப்பிட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் அணியின் பந்து வீச்சாளர்கள்.

பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். கிரிக்கெட்டில்போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர் சிறு மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குல தூரத்துக்குப் பந்தைத் தரையில் குத்தாமல் வீசுகிறார். மொத்தம் 9 இன்னிங்ஸ். தாக்குப்பிடிக்கும்வரை அவரே வீசலாம்; ஒருமுறை வெளியே அழைத்துவிட்டால் அன்று மறுபடி உள்ளே வர முடியாது. நூறு பந்துகளை முழு வேகத்தில் வீசிய தோளுக்கும் முழங்கைக்கும் சில நாள் ஓய்வு வேண்டும். அதனால் ஸ்டார்ட்டர்கள் முறை வைத்துக்கொண்டு இறங்குவார்கள். இன்று பெரும்பாலும் ஐந்து பேர், அன்று நான்கு பேர். பேஸ்பால் ரசிகர் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இன்றைக்கு யார் முறை?” என்பதுதான். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அவருடைய அன்றைய நாளே அமையும்.

இந்த ஏற்பாட்டில் மழைக்கு ஒரு பங்கு உண்டு. நடுவில் ஒரு நாள் ஆட்டம் இல்லை, மறுநாள் மழை என்றால், நம்பிக்கையான முதல் ஆளுக்கு ஓய்வு கிடைத்துவிடும். மூன்றாமவரையும் நான்காமவரையும் தாண்டி, மீண்டும் அவரையே இறக்கலாம்.

பிரேவ்ஸின் முதல் இருவர் வாரன் ஸ்பானும் ஜானி செயினும். செப்டம்பர் 6, தொழிலாளர் தின விடுமுறை. புரூக்ளின் டாட்ஜர்ஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. ஸ்பான் களத்தைவிட்டு நகரவில்லை. 14 இன்னிங்ஸையும் ஒற்றை ஆளாக வீசி 2-1 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் செயின் எதிரணிக்கு ஒரு ரன்கூட விடவில்லை, 4-0. பிறகு ஆட்டமில்லாத நாட்களும் மழையும் சேர்ந்துகொள்ள, ஓய்வெடுத்துவிட்டு வந்த அதே இருவர் மறுபடியும் வென்றார்கள்.

‘பாஸ்டன் போஸ்ட்’ நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஜெரால்டு ஹெர்ன் இதை வைத்து ஒரு குட்டிப் பாட்டு எழுதினார். இருவரும் வீசட்டும், மற்ற நாட்களில் ஆட்டமே நடக்காமல் மழை கொட்டட்டும் என்பது அதன் சாரம். ரசிகர்கள் அதை இன்னும் சுருக்கி ஒரே வரியாக்கினார்கள்: ‘ஸ்பான், செயின், பிறகு மழைக்குப் பிரார்த்தனை.’ அமெரிக்க பேஸ்பாலில் இன்றும் ஓர் அணியில் இரண்டே நல்ல பிட்சர்கள் இருந்தால் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள்.

செயினுக்கு அந்தப் புகழ் முற்றிலும் தகும். அந்தப் பருவத்தில் 24 வெற்றி. 28 ஆட்டங்களை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே வீசி முடித்தார். வளைந்து விழும் பந்துதான் அவருடைய பலம். முந்தைய ஆண்டு ஏப்ரலில், நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் அங்கே முதன்முதலாக மட்டை பிடித்து நின்றபோது எதிரே பந்து வீசியவரும் இவர்தான்.

ஸ்பான் இடதுகைக்காரர். வீசுவதற்கு முன் வலது காலைத் தலைக்கு நேராகத் தூக்குவார். பந்து எங்கிருந்து கிளம்புகிறது என்றே மட்டைக்காரருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் சண்டையிட்டுவிட்டு வந்ததால், மேஜர் லீகில் முதல் வெற்றி கிடைக்கவே அவருக்கு 25 வயதானது. அப்படித் தொடங்கியும் 363 வெற்றிகளைக் குவித்தார். இடதுகை பிட்சர் யாரும் அதை எட்டியதில்லை. ஆனால் 1948 அவருக்குச் சுமாரான ஆண்டு: 15 வெற்றி, 12 தோல்வி.

பாட்டில் இடம் கிடைக்காத மற்ற இருவர் யார்? ஒருவர் பில் வாய்செல். முதுகில் 96 என்ற எண்ணோடு வருவார். வீரர்கள் பெரும்பாலும் சிறிய எண்களையே அணிந்த காலம் அது. தெற்கு கரோலினா மாநிலத்தில் அவர் வளர்ந்த ஊரின் பெயர் ‘நைன்ட்டி சிக்ஸ்’, அதாவது தொண்ணூற்றாறு. ஊர்ப் பெயரையே முதுகில் சுமந்தவர் அவர். இன்னொருவர் வெர்ன் பிக்ஃபோர்டு. அந்த ஆண்டுதான் மேஜர் லீகுக்கு வந்த புதுமுகம். ஆனாலும் 11 வெற்றி, 5 தோல்வி. ஸ்பானைவிட நல்ல விகிதம்!

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். பிரேவ்ஸ் அந்தப் பருவத்தில் 91 ஆட்டங்களை வென்று 62இல் தோற்றது. ஸ்பானும் செயினும் சேர்ந்து பெற்றது 39 வெற்றி, 27 தோல்வி, நூற்றுக்கு 59. மீதிப் பேர் எல்லாரும் சேர்ந்து 52 வெற்றி, 35 தோல்வி. நூற்றுக்கு ஏறத்தாழ 60. பாட்டில் இல்லாதவர்களின் கணக்கில்தான் பாதிக்கு மேற்பட்ட வெற்றிகள் வந்திருக்கின்றன. வாய்செலுக்கும் பிக்ஃபோர்டுக்கும் யாராவது ஒரு பாட்டு எழுதியிருக்க வேண்டும்.

அதற்காக ரசிகர்களைக் குறை சொல்லிவிட முடியாது. பட்டத்துக்கான கடைசி ஓட்டத்தில் கண்ணெதிரே ஜெயித்துக் கொடுத்தவர்கள் அந்த இருவர். பட்டத்தை வென்று, இரு பிரிவுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரில் கிளீவ்லாந்தைச் சந்தித்தபோதும் அதே கதைதான். முதல் ஆட்டத்தில் புகழ்பெற்ற பாப் ஃபெல்லரை எதிர்த்து செயின் 1-0 என வென்றார். ஐந்தாம் ஆட்டத்தில், 86,000 பேருக்கு மேல் கூடியிருந்த கிளீவ்லாந்து அரங்கில், இடையில் வந்து வீசிய ஸ்பானுக்கு வெற்றி. பிரேவ்ஸுக்குக் கிடைத்தவை அந்த இரண்டு மட்டுமே. ஆறாவது ஆட்டத்தை வாய்செல் தொடங்கினார். 4-3 என்று ஒரே ரன்னில் கைநழுவியது, தொடரும் முடிந்தது.

1953இல் பிரேவ்ஸ் அணியே பாஸ்டனைவிட்டு மில்வாக்கிக்குப் போய்விட்டது. ஸ்பான் கூடவே போனார். 1963 ஜூலையில், 42 வயதில், சான்ஃபிரான்சிஸ்கோவின் இளைஞர் ஹுவான் மாரிஷாலுக்கு எதிராக 16ஆவது இன்னிங்ஸ் வரை வீசினார். அந்த அணியின் வில்லி மேஸ் அடித்த ஒரே அடியில் 1-0 என்று தோற்றார். செயின் பயிற்சியாளரானார். பிட்சர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வீசி வீசித்தான் கை பழக வேண்டும் என்பார். 1968இல் டெட்ராய்ட் அணியில் அவரிடம் பயின்ற டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டங்களை வென்றார். அதற்குப் பிறகு மேஜர் லீகில் எந்த பிட்சரும் ஒரு பருவத்தில் 30 வெற்றியைத் தொட்டதில்லை.