மலை வெயிலும் நகரத்து ஓசோனும்

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றை அடுத்துள்ள நெல்லிவாசல்நாட்டில் சாமைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்ணின் முதுகில் விழும் வெயிலும், மலைக்கு வடக்கே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி நாள்தோறும் வளர்ந்துவரும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களில் பேருந்துக்குக் காத்து நிற்பவர் தலையில் விழும் வெயிலும் ஒரே சூரியன் தருபவையே. ஆயினும் அவை ஒரே தன்மையன அல்ல. ஓசோன் என்னும் வாயுவும், மனிதன் எழுப்பிய புகையும் தூசியும் இடையில் நின்று அவற்றை வேறுபடுத்திவிடுகின்றன.

பிராணவாயுவின் மூன்று அணுக்கள் கூடி உண்டாகும் ஓசோன், பூமிக்கு மேல் பதினைந்து முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் வரையிலான உயரத்திலேயே மிகுதியாக உள்ளது. ஆகாயத்திலுள்ள அவ்வளவையும் திரட்டித் தரைமட்டத்துக் காற்றின் அழுத்தத்தில் பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இராது. அந்த மெல்லிய படலமே சூரியனின் கொடிய புற ஊதாக் கிரணங்களைத் தடுத்து உயிர்க்குலத்தைக் காக்கிறது. இதற்குச் சாட்சி ஜவ்வாது மலையிலேயே உண்டு. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் எத்துணைப் பெரியனவாயினும், விண்மீன்களின் அத்தகைய கிரணங்கள் தரையை எட்டாமையால் அவற்றைக் காண இயலாது. ஆகவே அவ்வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், 2015-ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்காகத் தனியாகப் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்க நேர்ந்தது.

உஷ்ணப் பிரதேசங்களில் இப்படலம் இன்னும் மெல்லியது. ஆங்கிலேய விஞ்ஞானி டாப்சன் 1928–29-இல் உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பிய ஓசோன் அளக்கும் கருவிகளுள் ஒன்று நமது கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு அருகே ஓசோன் குறைவு என்பதும், ஆண்டு முழுவதும் அது அதிகம் மாறுவதில்லை என்பதும் தெளிவானதில் அவ்வளவீடுகளுக்குப் பங்கு உண்டு. பாலக்காட்டில் 1893-இல் பிறந்து, சி. வி. ராமனிடம் பயின்ற கே. ஆர். ராமநாதனும் இந்த ஓசோன் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, பிற்காலத்தில் சர்வதேச ஓசோன் கமிஷனின் தலைமையையே ஏற்றார்.

படலம் மெல்லியதாயிருக்க, சூரியனோ ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நெல்லிவாசல்நாட்டின் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கிரணங்களின் தீவிரம் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும் என்பர்; மலைக்காற்றில் தூசி குறைவாதலால் அவற்றைத் தடுப்பாரும் இல்லை. கருமையான சருமம் தோல் புற்றுநோயிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. கண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் உழைப்பவருக்குக் கண்புரை விரைவில் வருவதற்கு இக்கிரணங்களும் ஒரு காரணம்.

நகரத்தின் துன்பம் வேறு வகையானது. அங்கே புகைமண்டலம் புற ஊதாக் கிரணங்களைச் சற்றுக் குறைப்பது உண்மையே. ஆனால் வாகனங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், பெட்ரோல், பெயிண்ட், பசை முதலியவற்றிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் ரசாயன மாறுதல் அடைந்து, மேலே காவலனாக இருக்கும் அதே ஓசோனை மூக்கருகே விஷமாகப் பிறப்பிக்கின்றன. அது மூச்சுக்குழலை எரித்து ஆஸ்துமாவை வளர்க்கும். பயிரின் இலைத்துளைகளில் நுழைந்து விளைச்சலைக் குறைக்கும். இந்தியாவின் தேசியத் தரம், எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் இருத்தலாகாது என்கிறது.

இதில் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. நெரிசல் மிகுந்த சாலையிலே, வண்டிகளின் புதுப்புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனை உடனுக்குடன் தின்றுவிடுகிறது. காற்றோடு பல மணி நேரம் பயணம் செய்து, புதுப்புகை இல்லாத வயல்வெளியையும் மலையையும் அடைந்த பின்னரோ ஓசோன் பெருகி நிலைக்கிறது. ஆகவே புகையை உண்டாக்குவோர் ஓரிடத்திலும், அதன் பலனை அனுபவிப்போர் வேறிடத்திலும் இருக்க நேர்கிறது. வண்டியும் தொழிற்சாலையும் அதிகமில்லாத மலைமக்கள், மேலிருந்து வரும் கிரணத்தையும் கீழிருந்து வரும் வாயுவையும் ஒருங்கே தாங்குவது எவ்வகையிலும் நியாயமன்று.

இதற்குப் பரிகாரம் இல்லையென்று சோர்வதற்கு இடமில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன்கள் மேலுள்ள படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். அவ்வாயுக்கள் பூமியை வெப்பமாக்கவும் செய்யும் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்ரன் ராமநாதன் 1975-இல் நிரூபித்தார். அவற்றைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரீலில் உடன்படிக்கை பிறந்தது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. இன்று படலம் மெல்ல மீண்டுவருகிறது. தரைமட்டத்து ஓசோனோ சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அழிவது. அதன் மூலப்புகையைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே கிட்டும்.

எனவே ஓசோனையும் புற ஊதாக் கிரணத்தையும் அளக்கும் கருவிகள் நகரத்து நாற்சந்திகளில் மட்டுமன்றி ஜவ்வாது மலை மேலும் நிறுவப்பட வேண்டும். அன்றாட அளவு மலைப்பள்ளிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். கோடையில் வேலை உறுதித் திட்டப் பணிகள் உச்சிவேளையைத் தவிர்த்து நடைபெற வேண்டும். நெடுஞ்சாலை நகரங்களின் வளர்ச்சியை எவரும் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வளர்ச்சியின் கணக்கில், காற்று சென்று சேரும் ஊர்களின் மூச்சும் விளைச்சலும் செலவாக எழுதப்படாத வரையில் அந்தக் கணக்கு நேர்மையானதாகாது.