மின்னஞ்சல் பொத்தான்களும் தவறுதலான சொடுக்கும்

மின்னஞ்சல் எழுதுபவர் தாம் நினைத்த பொத்தானை விட்டு அருகிலுள்ள வேறொன்றை அழுத்திவிடுவது தவறுதலான சொடுக்கு ஆகும். இதைப் பயனரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

2016 ஏப்ரல் முட்டாள்கள் தினத்தையொட்டி ஜிமெயிலில் கூகுள் நிறுவனம் சேர்த்த ‘மைக் டிராப்’ பொத்தான் இதற்குத் தெளிவான சான்று. பேசி முடித்தவர் ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டுப் போவதையே மைக் டிராப் என்பர். ‘இனிப் பேச ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள். இப்பொத்தானை அழுத்தினால், மினியன் என்னும் மஞ்சள் நிறக் கேலிச்சித்திரப் பாத்திரம் ஒலிவாங்கியைக் கீழே போடும் அசைபடம் கடிதத்துடன் சேர்ந்து சென்றது. அதற்கு வரும் பதில்களும் அனுப்பியவரின் பார்வைக்கு வராமல் மறைக்கப்பட்டன. தவறு நேர்ந்ததை அவர் அறியும் வழியும் அதனால் அடைபட்டது.

அப்பொத்தான் வைக்கப்பட்டிருந்த இடம் ‘அனுப்பு’ பொத்தானுக்கு அருகில். ‘அனுப்பிக் காப்பகத்தில் சேர்’ என்னும் பொத்தானை அங்கே அழுத்திப் பழகியவர்கள் பலர். அலுவலகக் கடிதங்களுடனும் துயரச் செய்திகளுடனும் அந்தக் கேலிப்படம் போய்ச் சேர்ந்ததாகவும், வேலையே பறிபோனதாகவும் பயனர்கள் முறையிட்டனர். சிலருக்கு, வழக்கமான ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியபோதும் நிரல் பிழையால் படம் சென்றது. சில மணி நேரத்திலேயே கூகுள் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டது.

பழகிய கை எழுத்தைப் படிப்பதில்லை. இடத்தைத்தான் தேடிப் போகிறது. அருகிலும் பெரிதாகவும் உள்ள இலக்கை விரைவில் எட்டலாம் என்பது அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்ட விதி. அந்த வசதி பக்கத்திலுள்ள வேண்டாத பொத்தானுக்கும் கிடைத்துவிடுகிறது. ‘பதிலளி’, ‘அனைவருக்கும் பதிலளி’ ஆகியவை அடுத்தடுத்து இருப்பதால் ஒருவருக்கு எழுதியது ஊருக்கே போவதும் இப்படித்தான். தொடுதிரையில் விரல்நுனி சுட்டியின் முனையைவிடப் பருமனானது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் பொத்தானுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடம் கேட்கிறது.

‘உறுதியாகவா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பதால் அதிகப் பயனில்லை. நாளடைவில் அந்தக் கேள்விக்கும் கை தானாகவே ‘ஆம்’ சொல்லிவிடும். செய்ததை மீட்கும் வசதியே மேல். ஜிமெயிலில் 2009இல் சோதனையாக வந்த ‘அனுப்பியதை மீட்டெடு’ வசதி 2015இல் முறையான அமைப்பாயிற்று. இது போன கடிதத்தைத் திரும்ப அழைப்பதில்லை. 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறது. அந்த நேரம் கடந்துவிட்டால் மீட்க முடியாது.