ஒரே ரகக் கார், 25 விநாடி வித்தியாசம்: எதை நம்புவது?

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தைத் தனது ஜிடி-ஆர் கார் 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக 2008இல் நிசான் அறிவித்தது. போர்ஷே அதை நம்பவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜிடி-ஆர் வாங்கி அங்கே ஓட்டியதில், 7 நிமிடம் 54 விநாடி பிடித்ததாகக் கூறியது. நிசான் அதை மறுத்தது.

இரண்டு கணக்கையும் சொன்னவர்கள் கார் விற்பவர்களே. நீண்ட தடத்தில் டயர், வானிலை, ஓட்டுநரின் பழக்கம் ஒவ்வொன்றும் நேரத்தை மாற்றும். அளந்த தூரமும் முக்கியம்: முழுச் சுற்று 20.832 கிலோமீட்டர், பல நிறுவனங்கள் 20.6 கிலோமீட்டருக்கே நேரம் சொல்லிவந்தன. முழுச் சுற்றையே நோட்டரி முன்னிலையில் அளக்கும் முறை 2019இல்தான் வந்தது.

ஆகவே, விளம்பரத்தில் சாதனை நேரத்தைப் பார்ப்போர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த டயர்? எவ்வளவு தூரம்? அளந்தவர் யார்?