பாலசமுத்திரத்தில் ஒரு சிறு கடல்



பாலசமுத்திரம் என்ற பெயரிலேயே ஒரு சமுத்திரம் இருக்கிறது. ஆனால் பழனி மலைகளின் அடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைக்கு அருகே உள்ள இந்த ஊரிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நம் முன்னோர் பெரிய ஏரிகளையும் சமுத்திரம் என்றே அழைத்தார்கள். கடலே இல்லாத ஊர்கள் பலவும் இப்பெயரைத் தாங்கி நிற்பது அதனால்தான். அத்தகைய ஓர் ஊரில், வீட்டின் முன்னறையில், கண்ணாடித் தொட்டிக்குள் கடல்நீரும் பாறையும் கடல்மீன்களும் வைத்து வளர்க்க இயலுமா?

இயலும். நம் இளையோர் சிலருக்கு இதில் ஆர்வமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தைப் பார்த்த பிறகு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீனைக் கேட்காத குழந்தைகள் குறைவு. ஆனால் ஒரே நாளில் தொட்டியையும் உப்பையும் மீனையும் சேர்த்து வாங்கி வருபவர்களின் வீட்டில், பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் மீன் செத்து மிதக்கிறது. குழந்தை அழுகிறது, மீண்டும் வாங்குகிறோம், மீண்டும் மிதக்கிறது. இது மீனின் விதி அல்ல. அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தராததன் விளைவு.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல்நீர் உப்பாக இருக்கிறது; நம் வீட்டில் தூத்துக்குடி கல் உப்பு இருக்கிறது; கரைத்து ஊற்றினால் கடல்நீர் ஆகிவிடாதா? ஆகாது! உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முதலில் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதன் பிறகுதான் நாம் உண்ணும் உப்பு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிட, அந்த நீரைத் தனியே வடித்துவிடுகிறார்கள். சமையலுக்கு நல்ல உப்பு வேண்டுமென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் நண்டும் நத்தையும் ஓடு கட்டுவதற்குத் தேவையானவை எல்லாம் அந்த வழியிலேயே பிரிந்து போய்விடுகின்றன. எனவே, கடல்நீர்த் தொட்டிக்கென்று எல்லாத் தாதுக்களும் சேர்த்துத் தயாரித்த உப்புக் கலவையையே வாங்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. தனி வாளியில் கரைத்து, சிறு மோட்டாரால் ஒரு நாள் சுழலவிட்டு, ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கரைக்கும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் அல்ல. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீர் பல இடங்களில் கடினமானது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரே ஏற்றது. அந்தக் கருவி ஒரு குடம் நல்ல நீர் தருவதற்குள் ஒரு குடத்துக்கும் மேல் கழிவுநீரை வெளியே தள்ளுகிறது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். அதைச் சாக்கடையில் விடாமல் பாத்திரம் கழுவவும் வீட்டைத் துடைக்கவும் பிடித்து வையுங்கள். கோடையில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த மக்கள் நாம்!

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? புதியவர்கள் சிறு தொட்டியே எளிது என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர் எதிரானது. 20 லிட்டர் நீரில் ஒரு மீன் இறந்தால் மொத்த நீரும் கெடும். பிற்பகல் வெயில் ஏறினால் நீரும் உடனே சூடேறும். நீர் கூடக் கூட மாற்றம் மெதுவாக நிகழும். தவற்றைக் கவனித்துத் திருத்த நமக்கு நேரமும் கிடைக்கும். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். வீட்டுக்கு அதுவே போதும். பாறையும் கண்ணாடியும் சேர்த்தால் எடை 120 கிலோவைத் தாண்டும் என்பதால், ஆடும் மேசை உதவாது.

கடற்கரை ஊர்களைவிட நம் சமவெளிக்குப் பெரிய சோதனை வெப்பம்தான். இந்த உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை ஏற்றது. சித்திரையில் நம் அறைக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டுகிறது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, வலை போட்டு, நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்குதான். அதுவும் போதாத அறையானால் நீரைக் குளிர்விக்கும் கருவி வேண்டும். அதன் விலையையும் மின்கட்டணத்தையும் கேட்ட பிறகு, இந்த ஆசை வேண்டுமா என்று குடும்பமாக அமர்ந்து முடிவெடுப்பது நல்லது. மின்தடைக்கு ஒரு பேட்டரிக் காற்றுக் குழாயும் வாங்கி வையுங்கள். நீரோட்டம் நின்ற தொட்டியில் உயிர்வளி விரைவில் குறைந்துவிடும்.

சரி, தொட்டி வைத்தாயிற்று, நீர் நிரம்பியது, பாறை அடுக்கியாயிற்று, மோட்டார் ஓடுகிறது, நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. இப்போது மீன் விடலாமா?

கூடாது. அன்பர்களே, தெளிவான அந்த நீர் இன்னும் உயிரைத் தாங்கும் நிலைக்கு வரவில்லை. மீன் கழிக்கும் கழிவிலிருந்தும், அது உண்ணாமல் விடும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது ஓரளவுக்குத் தீங்கற்றது. இந்த இரு கூட்டமும் பாறையின் துளைகளில் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பத்து நாளில் செத்த மீன்கள் எல்லாம் இவை வருவதற்கு முன்பே வந்துவிட்ட மீன்கள்.

இவற்றை வரவழைக்க, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். சோதனைச் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். அதைக் கொண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அளந்தால், முதலில் அமோனியா ஏறுவதையும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறுவதையும், கடைசியில் இரண்டும் பூச்சியமாவதையும் காணலாம். நாட்குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லி இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். இடையில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் தூசி படியும். பிறகு பச்சைப் பாசி வரும். பயந்து தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. வந்த நுண்ணுயிரிகளும் அத்துடன் போய்விடும். நம் நாட்காட்டியில் சொல்வதானால், சாம்பல் புதனன்று தண்ணீர் ஊற்றினால் உயிர்ப்பு ஞாயிறையொட்டித்தான் முதல் மீன்.

இனி பாறை. வெளிநாட்டு நூல்களைப் படிக்கிறவர்கள், கடலிலிருந்து எடுத்த ‘உயிர்ப்பாறை’யையும் பவளங்களையும் வாங்கி வைக்கும்படி அவற்றில் காண்பார்கள். நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் கடின பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியன சேர்க்கப்பட்டன. கடல்குதிரைகளுக்கும் அப்போதே இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. “யாரும் கேட்க மாட்டார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தாளில் சுற்றித் தரும் துண்டு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரணாக நின்றன. அந்தப் பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். அரண் போன பின் அலை நேரே தீவின் மேல் மோதியது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் இன்று கடலுக்குள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டு 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டும், கடல் சூடேறுவதை அறிவிப்புகளால் நிறுத்த முடியவில்லை. பவளப் பூச்சியின் தசைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன; அவையே அதற்கு உணவின் பெரும்பகுதியைச் சமைத்துத் தருகின்றன. வெப்பம் தொடர்ந்து மிகும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்து, பட்டினியில் மடிகிறது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நடந்தது. நம் முன்னறைத் தொட்டிக்கு மின்விசிறி வைக்கிறோம். கடலுக்கு யார் வைப்பது?

2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 41ஆம் எண் பவளப்பாறைகளின் அழிவைப் பற்றியே பேசுகிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பிலிப்பீன்ஸ் நாட்டு ஆயர்கள் 1988ஆம் ஆண்டில் எழுதிய மேய்ப்புப்பணி மடலை அது அங்கே எடுத்தாளுகிறது. அந்நாட்டின் பவளப்பாறைகளில்தான், அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கம் பரவியது. மீன் மயங்கும், பக்கத்திலிருந்த பவளம் சாகும். கண்ணாடித் தொட்டிக்கும் கடலுக்கும் உள்ள உறவு அத்தனை நேரடியானது.

அப்படியானால் நம் தொட்டிக்கு என்ன பாறை? சிமெண்டாலும் சுட்ட களிமண்ணாலும் துளைகள் வைத்துச் செய்த பாறைகள் கிடைக்கின்றன. போலி என்று முகம் சுளிக்க வேண்டாம். தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015ஆம் ஆண்டு முதல் கடலுக்குள் இறக்கியவையும் கான்கிரீட் கட்டிகளே. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளை நட்டு வளர்ப்பதும் கான்கிரீட் சட்டங்களின் மேல்தான். நுண்ணுயிரிக்கு வேண்டியது துளை. அது யார் செய்த துளை என்று அது கேட்பதில்லை. புதுச் சிமெண்ட் பாறையை மட்டும் சில வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் காரத்தைப் போக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

மீன் விஷயத்தில் நமக்கு நல்ல செய்தியே உண்டு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் கடலைப் பார்த்ததே இல்லை. குருணைத் தீனி தின்னப் பழகியது. புதியவர் கையிலும் பிழைக்கும். வாங்கும்போது “பண்ணை மீனா, பிடித்த மீனா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடை பார்க்கலாம். 100 லிட்டருக்கு இரண்டு கோமாளி மீன், சில நத்தைகள், ஒரு சுத்தப்படுத்தும் இறால் போதும். கடல்தாமரை இல்லாமலும் இம்மீன் நன்றாகவே வாழும். இவை எல்லாமே முதலில் ஆணாக வளர்பவை. இணைந்து வாழும் இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காவல் காப்பது பெரும்பாலும் தந்தையின் வேலை. நம் வீட்டு ஆண்கள் கவனிக்க!

மீன் வந்த பையை உடனே கவிழ்க்காமல், தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருமுறை பத்து லிட்டர் நீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கரைத்த கடல்நீரை ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே தினமும் குறையும் அளவுக்கு ஆர்.ஓ. நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். நம் ஊர்க் காற்றில், மின்விசிறியும் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் குறையலாம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நான்கு நாள் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், மீனுக்குச் சோறு போட ஆள் தேடுகிறார்கள். வளர்ந்த மீன் நான்கு நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நாளுக்கு ஒன்றாக அளந்து நிரப்பிய நன்னீர்ப் பாட்டில்களைக் கொடுத்து, கண்ணாடியில் ஒட்டிய கோடு வரை ஊற்றச் சொன்னால் போதும். தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.